காருக்குச் சலுகை; கமக்காரனுக்கு என்ன?

அண்மையில் காணி வழக்கொன்றின் பொருட்டு எம்மிடம் வந்த முதிய கமக்காரர் ஒருவர், உறுதிக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் வேறொன்றைக் கேட்டார். "தம்பி, கரண்டில ஓடுற கார் வாங்கிறவைக்கு வரி குறைக்கினமாம். கிணத்தடியில மெசின் வைச்சு இறைக்கிறவனுக்கு என்ன குறைக்கினம்?" என்பது அவர் கேள்வி.

எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. வழக்கு முடிந்தாலும் அக்கேள்வி எம்மை விட்டபாடில்லை. இக்கட்டுரை அதற்கு விடை தேடும் முயற்சியேயாகும்.

முதலில் ஒன்றை ஐயமறக் கூறிவிடுகின்றோம். பெற்றோலையும் டீசலையும் விட்டு மின்சாரத்துக்கு வாகனங்கள் மாறவேண்டும் என்பதில் எமக்கு மாறுபட்ட கருத்தில்லை. அம்மாற்றத்துக்கு அரசாங்கம் பொதுப்பணத்தால் கைகொடுக்க வேண்டும் என்பதையும் ஏற்கின்றோம். எம் வினா, அக்கை யாருக்கு முதலில் நீளவேண்டும், எந்த ஒழுங்கில் நீளவேண்டும் என்பதே.

எண்ணெய்க்கு நாம் கொடுத்த விலை

எரிபொருள் இன்றி வாழ்வது எப்படி என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் துளியாய் அளந்து விற்கப்பட்டது. பழைய ஒஸ்ரின் கேம்பிறிஜ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கிணற்றடியில் இயந்திரம் ஓய்ந்தது, துலா மீண்டது.

அது யுத்த காலம். 2022ஆம் ஆண்டிலோ யுத்தம் இல்லை. ஆயினும் நாடு முழுவதுமே யாழ்ப்பாணமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் நிலைய வரிசைகளில் மக்கள் பகலென்றும் இரவென்றும் பாராது கிடந்தனர். யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. வெங்காயப் பாத்திக்கு நீர் இறைப்பவனும் கடலில் வள்ளம் செலுத்துபவனும் அந்த இரவை மறக்கமாட்டார்கள்.

நெருக்கடி தணிந்த பின்னரும் நோய் தணியவில்லை. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எரிபொருள் இறக்குமதிக்கு நாடு செலவிட்ட தொகை ஆண்டொன்றுக்கு 400 கோடி டொலரைத் தாண்டியது. தேயிலைத் தொழிலாளியின் வியர்வையும், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் எம் சகோதரிகளின் கண்ணீரும் ஈட்டும் டொலர், புகைக்குழாய் வழியே வானத்துக்குப் போகின்றது.

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆதலின், "நாம் திருந்துவதால் உலகம் குளிருமா?" எனச் சிலர் வினவுவர். தனியே குளிராதுதான். எனினும் கடல் உயர்ந்தால் முதலில் உவராகும் கிணறுகளில் எம் கிணறுகளும் அடங்கும். உலகின் பொருட்டு மட்டுமன்றி, எம் பணப்பையின் பொருட்டும் எம் காற்றின் பொருட்டும் இம்மாற்றம் வேண்டும்.

எண்ணெயின் விலை பணத்தில் மட்டும் கொடுக்கப்படுவதுமன்று. சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் அயலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த கதையை யாவரும் அறிவர். 2019 ஏப்ரில் 4ஆம் நாள் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீரை மாசுபடுத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு எம் மண்ணின் வழக்கொன்றில் நிலைபெற்றது. ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லின் அடியில் உள்ள நீரே எமது ஆறு. இழப்பீட்டைக் கொண்டு கிணற்றைக் கழுவ முடியாது.

வந்த சலுகையும் போன சலுகையும்

அரசாங்கங்கள் மின்சார வாகனத்துக்கு உதவவில்லை என்று எவரும் கூற முடியாது. உதவின, ஆனால் எவ்வாறு உதவின?

2015ஆம் ஆண்டில் மின்சாரக் கார்மீதான வரி மிகத் தாழ்ந்திருந்தது. யப்பானில் ஓடிப் பழகிய நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அவ்வாண்டின் இறுதியில் வந்த வரவுசெலவுத் திட்டம் வரியை ஏற்றியது. காற்றினால் மட்டுமே குளிரும் மின்கலம் எம் வெயிலைத் தாங்காது ஆண்டுக்காண்டு வலுவிழந்ததை வாங்கியவர்களே பின்னர் உணர்ந்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022இல், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் தொழிலாளர்க்கு மின்சார வாகனம் இறக்க அனுமதி வழங்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோது, மோட்டாரின் கிலோவாற்று வலுவைக் கொண்டு வரி கணிக்கப்பட்டது. அக்கிலோவாற்று எத்தனை என்ற பிணக்கு அவ்வாண்டிலேயே நீதிமன்றப் படியேறிற்று.

பத்தாண்டுக்குள் இத்தனை திருப்பம்! இது கொள்கையன்று, காற்றாடி.

சட்டம் படித்தவர்கள் இதன் வேரை அறிவர். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதியின்மீது முழு அதிகாரத்தையும் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. ஆனால், வாகனங்கள்மீது வரி விதிக்க உதவும் 1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க உற்பத்தி வரி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், வர்த்தமானிக் கட்டளை மூலம் அமைச்சரே வீதத்தை மாற்றலாம். பாராளுமன்றம் பின்னர் கைதூக்கும். இரவில் அச்சான வர்த்தமானி காலையில் ஒருவனைச் செல்வனாக்கும், மற்றொருவனைக் கடனாளியாக்கும். முன்கூட்டி அறிந்தவன் கப்பலை விரைவுபடுத்துவான். அறியாதவன் துறைமுகத்தில் நின்று தலையிலடித்துக் கொள்வான்.

நோர்வே நாட்டைப் பாருங்கள். 1990களிலேயே மின்சாரக் காருக்கு வாங்கும் வரி நீக்கப்பட்டது. 2001இல் பெறுமதி சேர் வரியும் நீக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரக் கார்களே. மாற்றம் வேரூன்றிய பின்னர், 2023 முதல், 5 இலட்சம் குரோணருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மட்டும் வரியை மீளக் கொணர்ந்தனர்.

"நோர்வே எண்ணெய் விற்கும் செல்வ நாடு; நாம் அதனோடு ஒப்பாகலாமா?" என்பீர்களாயின், நேபாளத்தைப் பாருங்கள். 2015இல் எல்லை அடைபட்டு எரிபொருளின்றித் தவித்த அந்த ஏழை நாடு, தன் மலையாறுகள் தரும் மின்சாரத்தை நம்பி மின்சார வாகனத்தின் வரியைப் பெற்றோல் வாகனத்தின் வரியிலும் மிகத் தாழ்த்தியது. இறக்குமதியாகும் நான்கு சில்லுப் பயணிகள் வாகனங்களில் பெரும்பங்கு அங்கு மின்சாரத்தில் ஓடுவதாயிற்று. நேபாளம் முற்றுகையில் பாடம் படித்தது. நாமும் முற்றுகையை அனுபவித்தோம்; பாடம் படித்தோமா?

சலுகை யார் வாசலில் நிற்கின்றது?

இனிக் கமக்காரரின் கேள்விக்கு வருவோம்.

இந்நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கு மேல். சாதாரண மனிதன் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் இ.போ.ச. பஸ்ஸிலுமே போகின்றான். சலுகையோ, கோடி ரூபாவை எட்டும் காரைச் சுற்றியே வலம் வருகின்றது. வரியில் 20 இலட்சம் ரூபா குறைந்தால், அத்தொகை கார் வாங்கும் வல்லமை உள்ளவனின் கையில் பொதுத் திறைசேரி வைத்த பணமேயாகும். வரி குறைப்பதும் செலவே. கணக்கில் எழுதப்படாத செலவு என்பதால் அதைக் கேள்வி கேட்பாரில்லை.

இதைக் கூறும்போது எம்மையும் நாம் தப்பவிடவில்லை. சட்டத்தரணிகளும், வைத்தியர்களும், பொறியியலாளர்களும் இப்பத்திரிகையின் வாசகர்கள். வரிச்சலுகை அனுமதிப்பத்திரத்தில் கார் வாங்கிய உத்தியோகத்தர் எம் வீடுகளிலும் உளர். தூய காற்றுக்காக மின்சாரக் கார் வாங்குகின்றோம் என்று சொல்லும் எம் காரின் விலையில் ஒரு பங்கை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் மனிதன் பருப்புக்கும் சீனிக்கும் கொடுத்த வரியிலிருந்து பெற்றோமென்பது கசப்பான உண்மை.

ஒரு கார் நாளொன்றுக்கு ஒருவரையோ இருவரையோ சுமந்து, எஞ்சிய நேரமெல்லாம் நிழலில் உறங்கும். ஒரு பஸ் காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கானோரைச் சுமக்கும். ஓட்டோ நாள் முழுவதும் தெருவில் நிற்கும். ஒரே தொகையைச் செலவிட்டு மிகுதியான எண்ணெயை மிச்சப்படுத்த விரும்பும் அரசாங்கம் எதை முதலில் மாற்றும்? இதற்குப் பொருளியல் பட்டம் வேண்டுவதில்லை. சங்கக்கடைக் கணக்கு எழுதத் தெரிந்தாலே போதும்.

ஆகவே ஒழுங்கு இதுவாதல் வேண்டும்: முதலில் பஸ், அடுத்து முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும், அவற்றோடு சரிநிகராகக் கிணற்றடி இயந்திரமும் மீனவனின் வள்ளமும், கார் கடைசியில். ஓட்டோக்காரனுக்கு வேண்டியது இறக்குமதி வரிக் குறைப்பு மட்டுமன்று. லீசிங் கம்பனியின் பிடியில் சிக்காத கடன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கன கடனுதவிச் சங்கங்களும் கிராமந்தோறும் உள்ளன. அவற்றின் வழியே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கலாம். மின்கலத்தைச் சங்கமே வைத்திருந்து வாடகைக்கு விட்டால், வண்டியின் விலையில் பெரும்பாரம் குறையும்.

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது?

"நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துவிட்டு, கொழும்பில் புகையில்லாக் கார் ஓட்டுவது ஏமாற்றல்லவா?" என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. 900 மெகாவாற்று வலுக்கொண்ட அந்நிலையம் எம் மின்சாரத்தில் கணிசமான பங்கைத் தருகின்றது. ஆயினும் பெற்றோல் இயந்திரம் தான் குடிக்கும் எண்ணெயின் வலுவில் மூன்றிலொரு பங்கைக்கூடச் சில்லுக்குச் சேர்ப்பதில்லை. மின்மோட்டாரோ மின்கலம் தருவதில் ஐந்தில் நான்கு பங்களவைச் சேர்க்கின்றது. மேலும், பெற்றோல் கார் என்றும் பெற்றோல் காரே. மின்சாரக் காரோ, மின்சாரம் தூயதாகுந்தோறும் தானும் தூயதாகும்.

அவ்வாறு தூயதாக்கும் வாய்ப்பு எம் கூரைமேலேயே கிடக்கின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதை நினைவுகூர்க. குரங்கைப் பழித்து நகைத்தோம். ஆனால் அன்று தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்தமையால் மின்கட்டமைப்பு தளம்பலைத் தாங்கவில்லை என்பதே உள்ளுறை. இரு மாதங்களின் பின்னர், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரில் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி மட்டும் கூரைச் சூரியகலங்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது.

எண்ணெய்க்கு டொலர் தேடி அலையும் நாடு, இலவசமாய் வரும் வெயிலை நிறுத்தி வைக்கச் சொல்கின்றது! பகலில் மிஞ்சும் இம்மின்சாரத்தைக் குடிக்கக்கூடியவை மின்கலங்களே. பஸ்நிலையத்திலும், சந்தையிலும், கச்சேரி முற்றத்திலும், பாடசாலை வாசலிலும் நிற்கும் வண்டிகள் நண்பகலில் மின்னேற்றினால் மிகுதி பயனாகும். ஆனால் நேரத்துக்கேற்ற மின்கட்டண முறை வகுக்கப்பட்டபோது, மலிந்த நேரமாக இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையே குறிக்கப்பட்டது. அது கூரைகளில் சூரியகலம் இல்லாத காலத்துக் கணக்கு. நண்பகலை மலிவாக்கினால் வண்டிக்காரன் தானே வந்து செருகுவான். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது. பெயர்ப்பலகை எதுவாயினும், இக்கடமையிலிருந்து எவரும் விலக முடியாது.

கிணற்றடிக்கும் இதே நியாயம் பொருந்தும். சூரிய மின்சாரத்தால் இயங்கும் இறைப்பு இயந்திரத்துக்கு உதவுவது நன்று. இந்தியா 2019 முதல் அவ்வழியில் தன் கமக்காரர்க்கு உதவி வருகின்றது. எனினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. செலவின்றி இறைக்கலாம் என்றால் அளவின்றி இறைப்போம். நன்னீர் வற்றினால் உவர்நீர் ஏறும். பின் வெங்காயமுமில்லை, புகையிலையுமில்லை. ஆதலின் இறைத்து எஞ்சும் மின்சாரத்தை நியாயமான விலைக்கு வாங்கும் ஒப்பந்தமும் கூடவே வேண்டும். நீரை மிச்சப்படுத்துபவன் பணம் ஈட்டினால், கிணற்றுக்குக் காவலன் அவனே.

எம் காற்று, எம் சொல்

மன்னாரில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வலுவுடன் 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்டன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்ட அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் தெருவில் இறங்கினர். அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று இகழ்வது எளிது. ஆனால் வெள்ளம் வடியும் வழியும், பறவைகள் வரும் வழியும், வலை காயும் கரையும் யாரைக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டன? கொழும்புக் காருக்கு மின்சாரம் கொடுப்பதற்காக மன்னார் மீனவன் தன் கரையைக் கேள்வியின்றிக் கொடுக்க வேண்டுமென்பது நீதியன்று. கேட்டுக் கட்டுங்கள், கட்டியதில் பங்கு கொடுங்கள். அதுவே எம் வாதம்.

இதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், தேசிய மின்கட்டமைப்புக்குச் செல்லாத மின்சாரத்தை மாகாணத்தில் உற்பத்தி செய்யும் வசதிகளை மாகாண சபையின் நிரலிலே வைத்தது. நீர்மின்னை மட்டும் விலக்கிற்று. மாகாணத்துக்குள் நடைபெறும் பஸ் சேவையின் ஒழுங்கும், மோட்டார் வாகன அனுமதிக் கட்டணமும் அந்நிரலில் உள்ளன. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் சூரியவொளியும் கலந்த மின் அமைப்பு நிறுவ 2024 மார்ச்சில் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தீவுக்குள்ளேயே பிறந்து தீவுக்குள்ளேயே செலவாகும் மின்சாரம் மாகாணத்தின் பொறுப்பில் நிற்கவேண்டியதல்லவா? ஆனால் வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அதிகாரம் ஏட்டில் இருக்கின்றது. அதைக் கையாள ஆளில்லை.

நாம் வேண்டுவன

வேண்டுவனவற்றை வழக்குரையின் வேண்டுகோள் போல் நிரல்படக் கூறுவோம்.

ஒன்று: மின்சார வாகன வரி வீதம் குறைந்தது பத்தாண்டுக்குப் பாராளுமன்றச் சட்டத்தால் வரையறுக்கப்படல் வேண்டும், வர்த்தமானியால் இரவோடிரவாக மாறலாகாது.

இரண்டு: சலுகையின் முதற்பங்கு பஸ், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், இறைப்பு இயந்திரம், வள்ளம் என்பவற்றுக்கே உரியதாதல் வேண்டும். விலையுயர்ந்த காருக்கு நோர்வே வகுத்தது போல் எல்லை வேண்டும்.

மூன்று: நண்பகல் மின்னேற்றத்துக்குக் குறைந்த கட்டணமும், பொது இடங்களில் மின்னேற்று நிலையங்களும் வேண்டும்.

நான்கு: மின்கலத்தை விற்பவனே அது செத்தபின் மீளப் பொறுப்பேற்க வேண்டுமென 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் விதி வேண்டும். சுன்னாகத்தில் எண்ணெய்க்குக் கற்ற பாடத்தை மின்கலத்துக்கு மீண்டும் கற்க எம் கிணறுகளால் இயலாது.

ஐந்து: காற்றும் வெயிலும் எடுக்கப்படும் ஊரவரின் சொல்லுக்கு மதிப்பும், வருவாயில் பங்கும் வேண்டும்.

"திறைசேரி வெறுமையாயிருக்க இவற்றுக்குப் பணம் எங்கே?" என வினவுவோருக்கு ஒன்று சொல்வோம். 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்படிக்கை வருவாயைக் கூட்டச் சொல்கின்றது; அறிவோம். புதுப்பணம் கேட்கவில்லை. பெருங்காருக்கு விட்டுக்கொடுக்கும் வரியை எடுத்துப் பஸ்ஸுக்கும் கிணற்றுக்கும் கொடுங்கள் என்கின்றோம். இறக்கும் எண்ணெய் ஒரு கப்பல் குறைந்தாலும் அது நாட்டுக்கு வரவே.

அந்த முதியவரின் காணி வழக்கு அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. அன்று அவர் மீண்டும் வருவார், கேட்டதை மறப்பவரல்லர். "ஐயா, இன்றைக்கு உமக்கு ஒன்றும் குறைக்கவில்லை. கேட்டால் குறைப்பார்கள், கேட்காவிட்டால் கார் வாங்குபவனுக்கே குறைப்பார்கள்" என்பதே அவருக்கு நாம் கூறக்கூடிய விடை. கமக்காரர் சங்கங்களும், மீனவர் சங்கங்களும், ஓட்டோச் சங்கங்களும், படித்தவர்களின் சபைகளும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே இக்கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும். எம் பிரதிநிதிகள் அதைப் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். மனு எழுத ஆள் வேண்டுமாயின், எம் வாசற்கதவு திறந்தே கிடக்கின்றது.